எந்தப் படியில் நிற்கிறது பிள்ளை?

பார்த்துப் படிக்கும் பிள்ளை, கேட்டுப் படிக்கும் பிள்ளை, செய்து படிக்கும் பிள்ளை என்று குழந்தைகளை வகை பிரிக்கும் பேச்சு தர்மபுரி வரை வந்துவிட்டது. இங்குள்ள வகுப்பறைகள் வேறு கதை சொல்கின்றன.

பென்னாகரம் ஒன்றியத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளி. பிப்ரவரி மாதக் கடைசி. ஊரெங்கும் புளி உலுக்கும் காலம். வாசல்தோறும் ஓடு உடைத்த புளி காய்கிறது. காலை உணவுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்த நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தன. கரும்பலகையில் 12 × 7 என்று எழுதியிருந்தது. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி நோட்டில் 19 என்று எழுதிவிட்டு, தப்பு என்று தானே உணர்ந்தவளாக உள்ளங்கையால் அதை மறைத்துக்கொண்டாள்.

டீச்சர் அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"சாயங்காலம் வீட்டுல என்ன கண்ணு வேலை?"

"ஆயாகூட புளி தட்டுவேன் டீச்சர்."

"கிலோவுக்கு எவ்வளவு தர்றாங்க?"

"பன்னெண்டு ரூவா."

"ஏழு கிலோ தட்டுனா?"

பெண் கூரையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. "எண்பத்தி நாலு." எப்படி வந்தது என்று கேட்டதற்கு, "அஞ்சு கிலோவுக்கு அறுபது, ரெண்டுக்கு இருபத்தி நாலு" என்றாள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல.

டீச்சர் கரும்பலகையைக் காட்டினார். "அப்போ இது எவ்வளவு?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அது கணக்கு டீச்சர்."

அந்தப் பள்ளியை விட்டு வந்த பிறகும் அந்த மூன்று சொல் என்னை விடவில்லை. இந்தப் பெண்ணை எந்த வகையில் சேர்ப்பது? மனத்தில் கேட்டுக் கணக்கிட்டாள், ஆகவே காதுவழிக் கற்பவளா? கையால் புளி தட்டுகிறாள், ஆகவே செயல்வழிக் கற்பவளா? பெற்றோர் கூட்டங்களிலும் ஆசிரியர் பயிற்சிகளிலும் இப்போது கேட்கப்படும் கேள்வி இதுதான். கேள்வியே தவறு என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

விரல் ரேகையில் என்ன இருக்கிறது?

குழந்தைகளை வகை பிரிக்கும் எண்ணம் நல்ல இடத்திலிருந்துதான் கிளம்பியது. நியூசிலாந்தில் பள்ளி ஆய்வாளராக இருந்த நீல் ஃப்ளெமிங், நல்ல ஆசிரியரிடம்கூடச் சில பிள்ளைகள் ஏன் தேறுவதில்லை என்று யோசித்தார். பார்த்தல், கேட்டல், படித்து எழுதுதல், செய்தல் என்று நான்கு விருப்பங்களைக் கண்டறியும் வினாத்தாள் ஒன்றை உருவாக்கி 1992-ல் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1983-ல், ஹார்வர்டின் ஹோவர்டு கார்ட்னர் பன்முக அறிவுத்திறன் பற்றி எழுதியிருந்தார். இரண்டையும் கலந்து 'ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கற்றல் பாணி' என்று உலகம் எடுத்துக்கொண்டது. என் கோட்பாடு கற்றல் பாணியைப் பற்றியதே அல்ல என்று கார்ட்னரே 2013-ல் எழுத வேண்டியதாயிற்று.

நம் ஊர்களில் இது வியாபாரமாகவும் ஆகிவிட்டது. பிள்ளையின் பத்து விரல் ரேகைகளையும் ஸ்கேன் செய்து, அவன் எப்படிப் படிப்பான், எந்தத் துறைக்குப் போகலாம் என்று வண்ண அறிக்கை தரும் 'டிஎம்ஐடி' சோதனையைப் பள்ளி வாசல் வரை கொண்டுவந்து விற்கிறார்கள். இதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் அறிக்கையே விட்டிருக்கிறது. தக்காளி விலை நான்கு நாள் ஏறி நாற்பது நாள் இறங்கும் பாலக்கோட்டில் ஒரு குடும்பம் பிள்ளையின் ரேகைக்காகப் பணம் கட்டுகிறது என்றால், அது வயிற்றெரிச்சல்.

சோதித்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? 2008-ல் ஹெரால்டு பாஷ்லர், மார்க் மெக்டேனியல், டக் ரோரர், ராபர்ட் பியோர்க் என்ற நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்தார்கள். அவர்கள் வைத்த உரைகல் எளிது. 'பார்த்துப் படிப்பவன்' படம் காட்டினால் அதிகம் தேற வேண்டும். 'கேட்டுப் படிப்பவன்' சொல்லிக் கொடுத்தால் அதிகம் தேற வேண்டும். மாற்றிக் கொடுத்தால் இருவருமே குறைய வேண்டும். இப்படி முறையாகச் சோதித்த ஆய்வுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. அவற்றிலும் பல இந்த நம்பிக்கைக்கு எதிராகவே நின்றன. பிள்ளைக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கலாம். அந்த வழியில் மட்டும் கற்பித்தால் கூடுதலாகக் கற்றுக்கொள்கிறது என்பதற்குத்தான் சான்று கிடைக்கவில்லை.

பெட்டிச் செய்தி: மணலில் எழுதிய பாடம்
நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளை மணலில் விரலால் எழுதும், எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லும், எழுதியதைக் கண்ணால் பார்க்கும். கண், காது, கை மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே பிள்ளைக்கு வேலை செய்தன. முன்னே கற்ற சட்டாம்பிள்ளை பின்னே வருபவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். 1789-ல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண் குழந்தைகள் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் இந்த முறையைக் கண்டு தன் விடுதியில் கடைப்பிடித்தார். 1797-ல் அதைப் பற்றி நூல் எழுதினார். இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு அது பரவியது.

புளியும் பாடப்புத்தகமும்

பென்னாகரத்துப் பெண் தனி ஆள் அல்ல. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ, உளவியலாளர் எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்ட குழு கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வியாபாரம் செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட சிறுவர்களைச் சோதித்து, 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டது. கிலோ விலையும் மீதிச் சில்லறையும் கலந்த சிக்கலான கணக்கை அந்தச் சிறுவர்கள் தாளும் பென்சிலும் இல்லாமல் போட்டார்கள். அதே அளவு கணக்கைப் பாடப்புத்தக வடிவில் தந்தால் திணறினார்கள். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளோ புத்தகக் கணக்கைப் போட்டார்கள், சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள்.

எந்த வகுப்பறையிலும் ஒட்டிவைக்க வேண்டிய செய்தி இது. இரண்டு பக்கமும் அறிவு இருக்கிறது, நடுவில் பாலம் இல்லை. பாலம் போடுவது ஆசிரியரின் வேலை. எண்பத்து நான்கு ரூபாயை எப்படிச் சொன்னாய் என்று கேட்டு, அஞ்சு கிலோ, ரெண்டு கிலோ என்று அவள் பிரித்ததை அப்படியே பலகையில் 12 × 5, 12 × 2 என்று எழுதி, இரண்டையும் கூட்டிக் காட்டினால் பாலம் நிற்கிறது. அதற்கு அந்தப் பெண்ணின் 'வகை' தெரிய வேண்டியதில்லை. அவள் எதுவரை வந்திருக்கிறாள் என்று தெரிந்தால் போதும்.

தர்மபுரிக்கு இது வெறும் கல்விக் கோட்பாட்டுச் சண்டை இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் கடைசி மாவட்டம் இதுதான்: மாநில அளவு 80.09 விழுக்காடு, இங்கே 68.54. பெற்றோரில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்கள் ஏராளம். பிள்ளை வகுப்பில் இல்லாத மாதங்கள்தான் இங்கே பிள்ளைகளுக்குள் உள்ள பெரிய வேறுபாடு. அடுத்தது மொழி. மேற்கே போகப் போக வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசும் பிள்ளைகள்; அரூர் வட்டத்து சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடி பேசும் பிள்ளைகள். முதல் வகுப்பில் 'அம்மா' என்ற சொல்லைப் படிப்பதற்கு முன்னால் தமிழையே சிலர் கற்க வேண்டியிருக்கிறது.

ஏணி வந்த கதை

பிள்ளைகள் வெவ்வேறு இடத்தில் நிற்கிறார்கள் என்பதைப் பெரிய அளவில் ஒப்புக்கொண்டது தமிழ்நாட்டுச் செயல்வழிக் கற்றல். மதனப்பள்ளி அருகே ரிஷி வேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையைப் பார்த்து, அன்றைய சென்னை மாநகராட்சி ஆணையர் எம்.பி.விஜயகுமார் 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். அவரே அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானதும், 2007-08-ல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது பரவியது. மேசை நாற்காலி போய்ப் பாய் வந்தது. பாடம் சிறு சிறு அட்டைகளாயிற்று. சுவரில் கற்றல் ஏணி ஏறியது. எந்தப் படியில் விட்டாயோ அங்கிருந்து தொடரலாம். காய்ச்சலில் படுத்தவனும் சூளைக்குப் போனவனும் 'பாடம் போய்விட்டது' என்று அழ வேண்டாம். கையெட்டும் உயரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கரும்பலகை, வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். அந்தக் கீழ்மட்டக் கரும்பலகைகள் இன்றும் பல பள்ளிகளில் இருக்கின்றன. தொடக்கத்தில் நான் பார்த்த பென்னாகரம் பள்ளியிலும் இருந்தது.

இடம்பெயரும் மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை ஒன்று வந்ததில்லை என்று நான் நினைக்கிறேன். அப்படியிருந்தும் அது ஏன் தேய்ந்தது? பிள்ளைகளின் குறையால் இல்லை. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன; புது அட்டை வர நாளாயிற்று. இரண்டு ஆசிரியரே உள்ள பள்ளியில் நாற்பது பிள்ளையும் நாற்பது படியில் நின்றால் யார் எங்கே என்று குறிப்பதற்கே பொழுது போயிற்று. "நோட்டுல ஒரு வரி எழுதல, வீட்டுப்பாடம் இல்ல, இதென்ன படிப்பு?" என்று பெற்றோர் கேட்டார்கள். அந்தக் கேள்வியோடு எத்தனையோ பிள்ளைகள் மஞ்சள் வேன் ஏறித் தனியார் பள்ளிக்குப் போனார்கள். அங்கே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம்.

கட்டம் கட்டிப் பார்த்தால்: முறைகளின் வரிசை
2003 – சென்னையில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல்.
2007-08 – மாநிலமெங்கும் 1 முதல் 4-ம் வகுப்பு வரை அதே முறை. மேல்வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி, மனவரைபடம்.
2021 அக்டோபர் 27 – விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடக்கம்.
2022 ஜூன் 13 – திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' தொடக்கம். முதலில் 3-ம் வகுப்பு வரை. அடுத்த ஆண்டு 5 வரை.

அரும்பு, மொட்டு, மலர்

கொரோனா பள்ளியை மூடியபோது நடந்ததை அளந்தவர்கள் உண்டு. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். 2021 டிசம்பரில் கணக்கில் பெரும் சரிவு, மொழியில் அதைவிடக் குறைந்த சரிவு. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியின் பங்கு. தெருவிளக்கிலும் கோயில் திண்ணையிலும் அக்கம்பக்கத்து அக்காக்கள் மாலையில் நடத்திய பாடம்தான் அது. அந்த அக்காக்கள் யாரும் எந்தப் பிள்ளையையும் வகை பிரிக்கவில்லை. தெரியாத இடத்திலிருந்து சொல்லிக் கொடுத்தார்கள்.

அதே எண்ணம்தான் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்ற பெயர்களோடு வந்தது. எழுத்தே தெரியாதவர் அரும்பு, வகுப்புக்குரிய நிலைக்கு வந்தவர் மலர், இடையில் மொட்டு. வயதுக்குப் பதிலாக நிலையைப் பார்த்துக் குழு பிரிக்கும் இந்த முறையைப் 'பிரதம்' அமைப்பு மும்பையிலும் வடோதராவிலும் 2000-களின் தொடக்கத்திலேயே நடத்தியது. பானர்ஜியும் டஃப்ளோவும் அதை அளந்தார்கள். இங்கே அந்த மூன்று சொல்லையும் தேர்ந்தெடுத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம். 'மந்தம்', 'கடைசி பெஞ்சு' என்ற சொற்கள் இருந்த இடத்தில் அரும்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. அரும்பு நாளைக்கு மொட்டாகும். 'கேட்டுப் படிப்பவன்' என்று முத்திரை குத்தினால் அவன் நாளைக்கும் அதேதான்.

ஆனால் நிலை அறிவதே அடுத்த சுமையாகிவிட்டது. மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றவே பாடவேளை போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் குரல் எழுப்பின. பி.எட். மாணவர்களை வைத்து வகுப்பை மதிப்பிட்டபோது எதிர்ப்பு இன்னும் பலத்தது. அதில் நியாயம் இருக்கிறது. பிள்ளை எங்கே நிற்கிறது என்பது முதலில் டீச்சருக்குத் தெரிய வேண்டும், பிறகுதான் சென்னைக்கு.

ஒரு சின்னக் கணக்கு. பாடவேளை 40 நிமிடம். மூன்று நிலைக் குழு என்றால் குழுவுக்குப் 13 நிமிடம். ஒவ்வொரு குழுவிலும் கண், காது, கை என்று மூன்று வகை பிரித்துத் தனித்தனிப் பாடம் நடத்தச் சொன்னால் ஒன்பது பாடம். ஒன்றுக்கு நான்கரை நிமிடம்கூடத் தேறாது. அறுபது பிள்ளை வரைக்கும் இரண்டே ஆசிரியர் என்று கல்வி உரிமைச் சட்டம் கணக்கு வைத்திருக்கும் நாட்டில், வகை பிரிக்கும் பயிற்சிக்கு ஆசிரியர்களை அழைத்து உட்காரவைப்பது யாருடைய நேரத்தைத் தின்கிறது?

முத்திரை மறைப்பது

எனக்குப் பெரும் பயம் இங்கேதான். 'இவன் காதால் படிக்கிறவன், பலகையைப் பார்த்து எழுதமாட்டான்' என்று ஒருவனைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். அவனுக்குப் பலகை தெரியாமல் இருக்கலாம். கண்ணொளி காப்போம் திட்டத்தில் 2009 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி தருகிறது அரசு. கண் பரிசோதனை நாளில் ஊரில் இல்லாத பிள்ளைக்கு அந்தக் கண்ணாடி வராது. இன்னொருத்தி நன்றாகப் பேசுவாள், கதை சொல்வாள், எழுத்து மட்டும் தலைகீழாகும். அது டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் 21 வகைகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. தேர்வில் சலுகையும் தனிப் பயிற்சியும் அவள் உரிமை. 'செய்து கற்பவள்' என்ற அழகான பெயர் அவளுக்கும் அந்த உரிமைக்கும் நடுவே திரை போட்டுவிடும்.

திரை விலகும்போது காலம் கடந்திருக்கும். எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி தடைபடாது. ஆறாம் வகுப்புக்கு நடுநிலைப் பள்ளிக்கோ உயர்நிலைப் பள்ளிக்கோ போகும் பிள்ளை பாடவேளைக்கு ஒரு ஆசிரியரைச் சந்திக்கிறது. அரும்பிலேயே நின்றவன் அங்கே யார் கண்ணிலும் படமாட்டான். அடிப்படை வராத 6 முதல் 9-ம் வகுப்புப் பிள்ளைகளுக்காக 2025-ல் 'திறன்' திட்டம் வந்ததே, பிரச்சினை மேலே ஏறிப் போயிருக்கிறது என்பதற்குச் சாட்சி. பத்தாம் வகுப்பில் தவறிய பையன் பெங்களூர் பஸ் ஏறுகிறான். பெண்ணென்றால் பேச்சு கல்யாணத்துக்குப் போகிறது. குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியாத மாவட்டம் இது. மூன்றாம் வகுப்பில் யாரும் உட்கார்ந்து கேட்காத ஒரு கேள்வியின் விலை அவ்வளவு தூரம் போகிறது.

மண்ணைத் தொட்ட இரண்டு பள்ளிகள்

இந்த மாவட்டத்திலேயே இதற்கு மாற்றாக இரண்டு முயற்சிகள் இருக்கின்றன, இரண்டையும் வெளியூர்க்காரர்கள் அதிகம் அறிவார்கள். நாகர்கூடல் கிராமத்தில் கட்டடக் கலை படித்த மீனாட்சி உமேஷும் அவர் கணவர் உமேஷும் 1990-களின் தொடக்கத்தில் வறண்ட நிலம் ஒன்றை வாங்கிக் குடியேறினார்கள். 2000 வாக்கில் அங்கே 'புவிதம்' பள்ளி உருவாயிற்று. பிழைக்க வெளியூர் போகும் பெற்றோரின் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதியும் வந்தது. மண்கட்டடம், தோட்டம், விதை, சமையல். பாடம் அவற்றிலிருந்து கிளம்புகிறது. சிட்லிங்கியில், மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் 1993-ல் பழங்குடி மக்களுக்காக மருத்துவமனை தொடங்கிய பள்ளத்தாக்கில், அனுவும் கிருஷ்ணாவும் 'துளிர்' கல்வி மையத்தை நடத்தினார்கள். பள்ளியை விட்ட இளைஞர்களுக்கு மின்வேலை, மூங்கில் வேலை, கட்டட வேலை என்று அடிப்படைத் தொழில்நுட்பம். கூடவே விட்டுப்போன எழுத்தும் கணக்கும். அதே பள்ளத்தாக்கின் லம்பாடிப் பெண்கள் மறந்துபோன தங்கள் பூத்தையலை 'பொர்கை' என்ற பெயரில் மீட்டிருக்கிறார்கள். அந்தத் துணியில் எண்ணித் தைக்கும் கட்டங்களைப் பார்த்தால் வடிவியல் பாடத்துக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும்.

இவற்றைப் பார்த்துவிட்டு 'செய்து கற்பவர்களுக்கான பள்ளி' என்று சிலர் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது தவறான பாராட்டு. கையால் செய்தல் அங்கே எல்லாப் பிள்ளைக்கும் உண்டு, படிப்பும் எழுத்தும் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. சின்ன எண்ணிக்கையும் பிள்ளையை ஊர் பேரோடு அறிந்த பெரியவர்களும் அங்கே முறையைக் காப்பாற்றுகின்றன. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கு அதை அப்படியே நகலெடுக்க முடியாது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: பிள்ளையின் வீட்டு வேலையைப் பாடத்துக்குள் அழைப்பது. அதற்கு அரசாணை தேவையில்லை. ஒரு கூடை புளியங்கொட்டை போதும்.

ஒரு பை, ஒரு பென்சில்

பென்னாகரம் பள்ளியில் அன்று மதியம் அந்தக் கூடை நடுவில் வந்தது. பத்துப் பத்தாகக் கொட்டை அடுக்கி, பன்னிரண்டை ஏழு வரிசையாக வைத்து, பெண் தானே கீழ்மட்டக் கரும்பலகையில் 60 + 24 = 84 என்று எழுதினாள். மேலே 12 × 7 என்று எழுதச் சொன்னதும் டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். எழுதினாள்.

பக்கத்தில் ஒரு பையன். தீபாவளிக்குப் போய்ப் பொங்கல் தாண்டித்தான் பெங்களூரிலிருந்து திரும்பியவன். அவன் அப்பா அம்மா அங்கே கட்டட வேலையில் இருக்கிறார்கள். வகுத்தலில் நின்றிருந்தான். வரும் வாரம் மறுபடி போகிறார்கள் என்றான். எத்தனை நாள் என்று கேட்டதற்குத் தெரியாது என்றான். டீச்சர் பீரோவைத் திறந்து பயிற்சி நூலை எடுத்து, அவன் நின்ற பக்கத்தில் காகிதம் செருகினார். அதன் மேல் தேதி எழுதினார். பத்து புளியங்கொட்டையைத் துணியில் முடிந்து, ஒரு பென்சிலோடு பைக்குள் போட்டுக் கொடுத்தார்.

"இந்தப் பக்கத்துல இருந்து, கண்ணு. திரும்பி வர்றப்போ எங்க நிறுத்துனன்னு காட்டு."